அப்பாவுக்காக மாமா ஊதியது

அப்பா வேலை பார்த்த தும்பு மில் அருமனைக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. தேங்காயிலிருந்து உரித்த கதம்பையை அங்கே அடித்து, கயிறு திரிக்கும் தும்பாக்குவார்கள். நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. காலையில் குழாயடியில் நின்று இருமுவார். அது அடங்கும்வரை அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அடுப்படியில் நிற்பாள்.

அந்தச் சமயத்தில் மில்லில் எல்லோருக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். டவுனில் ஒரு டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டி, அதில் எழுதி வாங்கி வர வேண்டும். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நெஞ்சு சரியில்லாதவர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

வழி கண்டுபிடித்தவர் அம்மாவின் தம்பி. மாமா தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலில் முங்கி, பாறையிலிருந்து சிப்பி எடுப்பவர். கரையில் நிற்பவர்கள் கவலைப்படத் தொடங்கிய பிறகுதான் மேலே வருவார்.

"சீட்டுல படமா இருக்கு, பேரு மட்டுந்தானே? அத்தானுக்க பேருல நான் போயி காட்டிட்டு வாரேன்."

"எனக்க வயசு தெரியுமாடே ஒனக்கு?" என்றார் அப்பா.

மாமாவுக்கு வயதும் தெரியவில்லை, வீட்டு எண்ணும் தெரியவில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம். அதனால் என்னையும் கூட அனுப்பினார்கள். "அங்க மாமான்னு வாயத் தொறந்தியன்னா அப்பாக்க வேல போச்சு, மக்கா" என்றாள் அம்மா.

பஸ்ஸில் அப்பா, அப்பா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "ஏட்டி, சத்தமே வரல்ல. இப்பிடிக் கூப்பிட்டா எந்த அப்பன் மிட்டாயி வாங்கித் தருவான்?" என்று மாமா சிரித்தார்.

டாக்டர் வயது கேட்டதும் மாமா என்னைப் பார்த்தார். "அப்பாவுக்கு முப்பத்தெட்டு" என்றேன்.

"கணக்கெல்லாம் மகளுக்க கையிலயா?" என்ற டாக்டர், முள் வைத்த ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார். அளவாக ஊத வேண்டும் என்று மாமாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்படியொன்று யாருக்கும் தோன்றவே இல்லை. முள் கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றது. டாக்டர் குழாயை உதறிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் அங்கேயே போய் நின்றது.

சில நாள் கழித்து மில் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். "மில்லுலயே நல்ல நெஞ்சு ஒனக்குத்தானாம்டே. தும்பு சலிக்க புது மெஷின் வருது. மொதலாளி ஒன்னப் போடச் சொல்லியாச்சு. இருமுறவனுவ எல்லாம் குளத்தங்கரையில கதம்ப நனைக்கட்டும்."

அப்பா வாசலில் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். மறுத்தால், ஊதியது யார் என்று சொல்ல வேண்டிவரும். "சரி" என்றார்.

யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இருமியவர்கள் அதே கூலிக்குக் காற்றோட்டமாகக் குளத்தங்கரையில் நின்றார்கள். அப்பா, தூள் பறக்கும் மூடிய கூடத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தும்பு சலித்தார். புருவம்வரை பழுப்பாகி வீட்டுக்கு வருவார். எனக்குப் பெருமையாக இருந்தது. மில்லிலேயே நல்ல நெஞ்சு எங்கள் அப்பாவுக்குத்தான் என்று வகுப்பில் சொன்னேன். இவ்வளவு நல்ல சேதிக்குப் பிறகு அம்மா ஏன் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை.

மழைக்காலம் வருவதற்குள், குழாயடியிலிருந்து வாசலுக்கு வரவே அப்பா நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சிப்பியோடு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து கத்தியால் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அப்பாவுக்கு மறுபடி மூச்சு முட்டுது. இன்னொரு தடவ ஊதிட்டு வாரியளா?"

மாமாவின் கத்தி நின்றுவிட்டது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக அலுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவசரமில்லை, பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு போகலாம் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன்.