எண்ணெய் ஊறும் நேரம்

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் தளவாய், வயதானவர்கள் கழற்றிக் கொடுக்கும் மூக்குக்கண்ணாடியை இப்போது வாங்குவதில்லை. வேட்டியை வாங்கிக்கொள்வார், கைக்கடிகாரத்தை வாங்கிக்கொள்வார், பல்செட்டைக்கூட டம்ளரோடு வாங்கி ஓரமாக வைப்பார். கண்ணாடியை நீட்டினால் மட்டும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

"அது ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. இந்தாங்க, கயித்தக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிடுங்க."

மடியிலிருந்து ஒரு முழம் நூல்கயிற்றை உருவிக் கொடுப்பார். அருவிக்கரையில் அவரோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏலே, தாலி கட்டுதவரு வந்துட்டாருல, எல்லாரும் கழுத்த நீட்டுங்கலே!" என்று கூவுவார்கள். தளவாய் சிரிக்க மாட்டார்.

1988 ஆனி மாதம் வரைக்கும் அவர் அப்படியில்லை.

தளவாய்க்குச் சொந்த ஊர் இலஞ்சி. தென்காசியில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகு மூட்டை வேண்டாம் என்று எழுபத்திரண்டாம் வருஷச் சீசனில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கினார். கை சீக்கிரம் பழகிவிட்டது. யாருக்கு மூட்டில் நீர் கோத்திருக்கிறது, யார் மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்பதெல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். முதுகைக் கொடுத்தவர்கள் வாயையும் திறப்பார்கள். பம்பாயில் இருக்கும் மகன், பேசாத மருமகள், பென்ஷன் வரும் தேதி எல்லாம் அவர் காதில் விழும்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தோளில் தொங்கும் மஞ்சள் பையில் பதினாறு வருஷமாக எத்தனையோ பேருடைய பொருளைப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை, மாறிப் போனதில்லை. "தளவாய் பையும் விசுவநாதர் கோயில் உண்டியலும் ஒண்ணு" என்று ஒருத்தர் சொன்னதை வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி குழல்வாய்மொழியிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

அவரிடம் வருஷம் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் கடையநல்லூர் கிதிர் முகம்மது. அறுபத்தெட்டு வயது. குழித்தறியில் கைலி நெய்கிறவர். முதல் வருஷமே தளவாயை "மருமவனே" என்று கூப்பிட்டுவிட்டார். பிறகு அவர் மாமா ஆகாமல் வேறு வழியில்லை.

அந்த ஆனியில் அவர் வயிற்றில் எண்ணெய் தடவும்போது அடிவயிற்றோரம் ஒரு புடைப்பு தளவாயின் கையில் தட்டுப்பட்டது.

"இருமுங்க மாமா."

இருமினார். புடைப்பு எலுமிச்சம்பழ அளவுக்கு எழும்பி அமுங்கியது.

"இது கொடல் எறக்கம் மாமா. சும்மா விடக்கூடாது. ஆப்பரேசன் பண்ணணும்."

"ஒனக்கு எண்ணெய் தேய்க்கக் கூலியா, வைத்தியத்துக்குக் கூலியா? எம் மவன் சவூதில தம்மாம்ல கெடந்து வேகுதான். அவனுக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு கொமரு இருக்கு. என் வயித்துக்கும் அவனா அழணும்? போட்டும், விடு."

அதே வாரத்தில்தான் மந்திரமூர்த்தி வந்தான். வெள்ளைச் சட்டை, தோல் பை, பேச்சில் சர்க்கரை. 'பாரத முதியோர் ஆரோக்கிய நிதி' என்று அச்சடித்த அட்டைகள் வைத்திருந்தான். அரசாங்கக் காப்பீட்டுக் கம்பெனிகள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பாலிசி கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டைக் கண்ணாடித்தாளில் பொதிந்து வைத்திருந்தான். பத்திரிகையில் இருந்தது வேறு கம்பெனி, அவனுடையது வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தளவாயும் பார்க்கவில்லை.

தளவாயிடம் முதுகைக் கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணாச்சி, நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொன்னா அருவியே நின்னு கேக்கும். ஒங்களுக்கும் மதினிக்கும் சும்மாவே கார்டு போட்டுத் தாரேன். யார் யாருக்கு என்ன தொந்தரவுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி எழுதணும்லா."

தளவாய் சொன்னார். யாருக்கு நீர்க்கடுப்பு, யாருக்கு நெஞ்சுவலி, யாருக்குக் குடலிறக்கம் என்று கை அறிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அப்போது அது அவருக்கு உபகாரமாகத்தான் தெரிந்தது.

எண்ணெய் தேய்த்த உடனே அருவிக்குப் போகக்கூடாது, அரைமணி நேரம் ஊறவேண்டும் என்பது குற்றாலத்து வழக்கம். கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகவும் முடியாது, பொழுதும் போகாது. மந்திரமூர்த்தி அந்த அரைமணி நேரத்தைப் பிடித்துக்கொண்டான். கிதிர் முகம்மதுவின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"பெரியவருக்குக் கொடல் எறக்கம் இருக்கும்போலயே? எங்க ஆபீஸ்ல பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவோம்."

பெரியவர் அசந்துபோனார். சந்தா கட்டி அட்டையை வாங்கினால், எழுபது வயதுக்காரருக்கும் பரிசோதனை கிடையாது, எந்த ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் காட்டினால் போதும், ஆனால் நாளையோடு முடிகிறது என்று தேன் வடியப் படித்துக் காட்டினான். பேனாவை நீட்டினான்.

கிதிர் முகம்மது தளவாயைப் பார்த்தார். "மருமவனே, அந்தக் கண்ணாடிய எடு. ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருதேன்."

மந்திரமூர்த்தி முந்திக்கொண்டான். "எண்ணெய்க் கையோட தொட்டாப் பிசுக்காயிருமே பெரியவரே! நான்தான் வாசிச்சிட்டேன்லா?"

பைக்குள் கையை விட்ட தளவாய், கண்ணாடிக் கூட்டைத் தொட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"ஆமா மாமா. கண்ணாடி எதுக்கு? நம்ம பையந்தான். போடுங்க."

போட்டார். காகிதத்தில் எண்ணெய் படர்ந்து கையெழுத்து ஊறிப்போயிற்று. சந்தாவையும் கட்டினார். அந்த நாலு நாளில் அதே பாறையில் பதினாலு பேர் போட்டார்கள். பதினாலு பேருடைய கண்ணாடியும் தளவாய் பையில் இருந்தது.

மந்திரமூர்த்தி ஆலங்குளம் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சும்மா கிடைத்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு குழல்வாய்மொழிக்குத்தான் பொறுக்கவில்லை. தன் கழுத்துக் கட்டிக்கும் இந்த அட்டையில் வைத்தியம் உண்டா என்று கேட்டு, அதில் இருந்த மெட்ராஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். ஆடி பிறந்த மூன்றாம் நாள் தபால்காரர் தளவாயை டீக்கடையில் பிடித்து அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்தார். மேலே சிவப்பு மையில் 'அப்படி ஒரு விலாசம் இல்லை' என்று எழுதியிருந்தது.

தளவாய் அதை வாசித்தார். டீயைக் குடித்தார். கவரை மடித்து மஞ்சள் பையின் அடியில் வைத்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். குழல்வாய்மொழியின் கையெழுத்து சரியில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கம்பெனி வேறு தெருவுக்கு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் அலைமோதும் ஆடி மாதம். வாயைத் திறந்தால் நாளைக்கு யார் அவர் பையில் ஒரு பொருளைப் போடுவார்கள்? வெள்ளிக்கிழமை கடையநல்லூர் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தார். வெள்ளிக்கிழமை நல்ல மழை. அடுத்த வெள்ளி அருவியில் வெள்ளம். அதற்கடுத்த வெள்ளிக்குக் காரணம் எதுவும் இல்லை. அன்றும் போகவில்லை.

அதற்குள் கிதிர் முகம்மதுவின் மகன் மசூது லீவில் வந்திருந்தான். தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் அருவிக்கு வந்தான். கிழவர் எண்ணெயோடு தள்ளிப் போய் உட்கார்ந்த நேரத்தில் தளவாயிடம் தணிந்த குரலில் கேட்டான்.

"மச்சான், நான் திங்கக்கிழம பிளேன் ஏறுதேன். இருக்கும்போதே வாப்பாவப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப்போயி ஆப்பரேசனை முடிச்சிரலாம்னு பாக்கேன். லீவ நீட்டிக்கூடத் தந்திருவான். கேட்டா, 'எங்கிட்டக் கார்டு இருக்கு, நீ போலே'ங்காரு. நீங்கதான் சேத்துவிட்டியளாமே. நம்பலாமா மச்சான்?"

தளவாயின் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. கிழவரின் கண்ணாடிக்குக் கீழே அந்தக் கவர் இருந்தது.

"நம்பலாம் மாப்ளே," என்றார். "நீரு நிம்மதியாப் போயிட்டு வாரும்."

மசூது திங்கட்கிழமை போய்விட்டான்.

அட்டையை எடுத்துக்கொண்டு ஆடிக் கடைசியில் கிதிர் முகம்மது தனியாகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு கம்பெனிய நாங்க கேட்டதே இல்லையே தாத்தா," என்றாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெருவெல்லாம் கார்டைக் காட்டிப் பெருமை பேசியவர், பெண்டாட்டி ஹாஜரா பீவியிடம், "டாக்டர் லீவாம், பெறவு வரச் சொல்லிட்டாங்க" என்று சொல்லித் தறியில் போய் உட்கார்ந்தார். புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம் மிதி மிதிக்கும்போது குடல் இறங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டது. வாந்தியும் துடிப்புமாக வாடகைக் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அழுகிப்போன ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இனிமேல் குழித்தறி கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தகவல் கேள்விப்பட்டதும் தளவாய் கவரைப் பற்றி வீட்டில் சொன்னார்.

குழல்வாய்மொழி அதை வாங்கிப் பார்த்தாள். "என் எழுத்து நல்லாத்தான இருக்கு," என்றாள். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னத்துக்குவே ஒளிச்சு வச்சீரு? அவன் களவாணி. நீரு யாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் கடையநல்லூருக்குப் போனார். கிதிர் முகம்மது கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்து அறையில் தறி துணி மூடிக் கிடந்தது. ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டு, "வாங்க," என்றாள். தண்ணீர் கொடுத்தாள்.

"என்னமும் பேசு மருமவனே. ஏமாந்தது நான் மட்டுமா? நீயுந்தான் ஏமாந்தே," என்றார் கிழவர்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். தளவாய் பையிலிருந்து கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தார். கிழவர் தலையணைக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தார். விரல் மடக்கினார்.

"நான் பாளையங்கோட்டைக்குப் போறதுக்கு இருவத்திரெண்டு நாளைக்கு முந்தி."

"ஆமா மாமா."

"மசூது இங்கன இருந்தான்."

"எங்கிட்டக் கேட்டான் மாமா. நம்பலாம்னு சொன்னேன்."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. கிழவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"மத்தவங்ககிட்டச் சொல்லியாச்சா?"

இல்லை என்று தளவாய் தலையாட்டினார்.

"எங்கிட்ட எதுக்கு வந்து ஒக்காந்திருக்கே? எனக்கு வெட்டியாச்சு. போ, அவங்களுக்குப் போயிச் சொல்லு."

போனார். ஆலங்குளத்தில் மூன்று வீடு, சுந்தரபாண்டியபுரத்தில் இரண்டு, மற்றவை தென்காசியைச் சுற்றி. ஒரு வீட்டில் செருப்பைக் காட்டினார்கள். ஒரு வீட்டில் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த ஆச்சி, அவர் சொன்னதை நம்ப மறுத்து, "ஒமக்குப் பொறாம" என்று கதவைச் சாத்தினாள். தென்காசி போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார். மந்திரமூர்த்தி என்ற பேரே பொய் என்பது மட்டும்தான் தெரிய வந்தது.

எண்பத்தொன்பது சீசனில்தான் கயிறு வந்தது. கயிற்றோடு பேச்சும் வந்தது. முதுகில் கை ஓடும்போதே சொல்லுவார்: "எவனாவது ஒங்க சீக்க ஒங்களுக்கு முன்னாடி சொன்னா, ஒனக்கு யாருல சொன்னதுன்னு கேளுங்க. இன்னைக்கே போடணும்னு சொன்னா, இன்னைக்குப் போடாதிய. காயிதத்த வீட்டுக்குக் கொண்டு போயி ஒரு ராத்திரி வச்சிருந்து வாசிங்க. ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டு, அங்கன கால் வச்சுப் பாத்துட்டுப் பெறவு கட்டுங்க. நான் சொன்னாக்கூட நம்பாதிய."

ஆனிச் சாரல் அடித்த ஒரு காலையில் புதிதாக வந்த ஆலங்குளத்து அண்ணாச்சி ஒருவருக்குத் தேய்த்தபடி இதைச் சொல்லி, போன வருஷம் இதே பாறையில் ஒருவன் வந்து எல்லாரையும் ஏமாற்றிய கதைக்கு வந்தார். சொல்லி முடித்து நிமிர்ந்தால், பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு கிதிர் முகம்மது நிற்கிறார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"கதையில பாதிய முழுங்கிட்டியே மருமவனே."

தளவாயின் கை முதுகிலேயே நின்றது.

"கவர் வந்தத எங்க காணோம்? இருவத்திரெண்டு நாள எங்க காணோம்?"

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கூவவில்லை.

"சொல்லுதேன் மாமா," என்றார் தளவாய். சொன்னார். கவர் வந்ததை, டீ குடித்ததை, மூன்று வெள்ளிக்கிழமையை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மகனிடம் நம்பலாம் என்று சொன்னதை எல்லாம் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் அருவிச் சத்தத்துக்குக் கீழே போயிற்று. கிழவர், "கேக்கல, சத்தமாச் சொல்லு," என்றார். சத்தமாகச் சொன்னார்.

ஆலங்குளத்துக்காரர் எழுந்து உட்கார்ந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தளவாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படிப்பட்ட ஆளுகிட்ட நாங்க எதுக்குவே முதுகக் காட்டணும்?"

கிதிர் முகம்மதுதான் பாறையில் மெல்ல உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"முதுகக் காட்டலாம். கை சுத்தமான கைதான். கண்ணாடியக் குடுக்காதிய."

அன்றைக்கு ஆலங்குளத்துக்காரர் எழுந்து போகவில்லை. மறுநாள் வேறு ஆளிடம் உட்கார்ந்திருந்தார். தளவாய் அவரைப் பார்த்தும் பார்க்காதவர் போல, அடுத்து வந்தவருக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதையைக் கவரிலிருந்து தொடங்கினார்.