ருசி நரம்பு

சேலத்தில் இடது காதுக்கு ஆபரேஷன் முடிந்து நாமக்கல் திரும்பியதிலிருந்து, எதைச் சாப்பிட்டாலும் நாக்கின் இடதுபக்கம் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருந்தது. மறுபடி காட்டப் போனபோது டாக்டரிடம் சொன்னேன்.

"செவிப்பறைக்குப் பின்னால மூணு குட்டி எலும்பு இருக்குதும்மா. நாக்கோட ருசி நரம்பு அதுங்களுக்கு நடுவுலதான் ஓடுது. அதை ஒதுக்காம, இறுகிக் கெடந்த எலும்பைத் தொட முடியாது. பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிரும். உங்க ஊட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொன்னனே?"

என் கணவர் சுவரிலிருந்த காதுப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவரிடம்தான் வெகுநேரம் பேசினார். செவிடியிடம் யார் கத்துவது என்று ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. "என்ன சொன்னாருங்க?" என்று நான் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று இவர் கையை ஆட்டினார். நானும் நம்பிப் போய்ப் படுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ வேண்டாம்னிருப்பே!" வழக்கம்போல் ஊருக்கே கேட்கக் கத்தினார்.

சரியென்றுதான் சொல்லியிருப்பேன். இந்த மனுஷன் குரலைக் கேட்பதற்காகவே சொல்லியிருப்பேன்.

"கத்தாதீங்க," என்றேன். "இப்ப எனக்குக் காது கேக்குது."