பெட்டை மானுக்கு விட்ட வழி

கல்வராயன் மலையில் நான் ஒற்றை ஆளாக ஒரு மானைச் சுட்டேன். பொய்தான். வேட்டைக்கு லைசென்சு கொடுத்த காலம்; துப்பாக்கியும் லைசென்சும் சங்கராபுரத்து முதலாளியுடையவை. என் கையில் இருப்பது அவருடைய சாப்பாட்டுக் கேரியர்.

முதலாளி காட்டின் அந்தப் பக்கம் காத்திருக்கிறார். மானை அவர் பக்கம் விரட்ட, மலைக்காரர்கள் தகரம் தட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வரிசையாக வருகிறார்கள். வரிசையில் ஓர் இடம் காலி. எனக்கும் வீரம் வந்து, ஓடிப்போய் அதை அடைக்கிறேன்.

பக்கத்து ஆள் சடையன் முறைக்கிறார். "இன்னாங்க, வழில நின்னுக்கினு? குட்டி வெச்சிருக்கிற பெட்ட தப்பிச்சுப் போவத்தான் அத வுட்டு வெச்சிருக்கோம்."

"பெட்டையச் சுடக்கூடாதுன்னு லைசென்சுலயே கீதே!"

"துப்பாக்கிக்குப் படிக்கத் தெரியுமா?" சடையன் நெஞ்சை நிமிர்த்துகிறார். "கீழ்நாட்டுல மான் ஏது? எங்க மலைல கீது பாருங்க, இப்பிடி வழி வுடறதாலதான். நவுருங்க, வருது!"

கேரியரோடு துள்ளி விலகுகிறேன். நான் நின்ற இடத்திலேயே ஒரு பெட்டையும் குட்டியும் பாய்ந்து, எங்களுக்குப் பின்னால் காட்டுக்குள் மறைகின்றன. சடையன் சிரிக்கிறார். எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அந்த இரண்டையும் காப்பாற்றியவன் நான்தான். எப்படியென்றால், புதர் அசைந்ததுமே நான்...

"டேய், சோறு எங்கடா?" அந்தப் பக்கத்திலிருந்து முதலாளி கத்திக் கூப்பிடுகிறார்.