சாயங்காலம் வரை நின்ற வீடு

தாஹ்வோவுக்கு வேலையே மரவீட்டைப் பொருத்தி நிறுத்துவதும் பிரிப்பதும்தான். போர் முடிந்த மறுவருஷம், ஃபின்லாந்தின் அந்த மரவீட்டு ஆலை ஓய்வில்லாமல் ஓடியது. தோற்றதற்கு ஈடாக ரஷ்யாவுக்கு வீடுகள் அனுப்ப வேண்டும். இருபது வீட்டுக்கு ஒன்றை ஆலை முற்றத்தில் முழுசாகப் பொருத்தி நிறுத்தி, அடுப்பு மூட்டிக் காட்டுவார்கள். ரஷ்ய அதிகாரி தலையாட்டியதும் பிரித்து ரயிலேற்றுவார்கள். தாஹ்வோவின் சொந்த வீடு புது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவரும் பிள்ளைத்தாய்ச்சி மகள் ஹெல்வியும் ஒரு பண்ணை வீட்டின் ஒற்றை அறையில், இன்னும் ஐந்து பேரோடு ஒண்டியிருந்தார்கள்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஹெல்விக்கு முற்றத்திலேயே வலி கண்டது. அங்கே பொருத்தி நின்ற வீட்டுக்குள் தூக்கிப்போனார்கள். பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை மருத்துவச்சி வெளியே வந்தாள்.

"ரத்தம் இப்பதான் நின்னிருக்கு. சாயங்காலம் வரைக்கும் அவள அசைக்கக் கூடாது. அசைச்சா அப்புறம் என் கையில இல்ல."

அந்த வீட்டை ஏற்றவேண்டிய ரயில் ராத்திரி எட்டு மணிக்கு. மேஸ்திரி சாரெலா தொப்பியைக் கழற்றிப் பிசைந்தார்.

"ஒரு நாள் பிந்தினாலும் தண்டம் போடுவாங்க தாஹ்வோ. என் வேலை போயிடும்."

"ரயில நிறுத்தச் சொல்லலீங்க. எப்பவும் மொதல்ல கூரைய முழுசா எறக்குவோம். இன்னிக்கு சமையக்கட்டுல ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா கழட்டிட்டு வர்றேன். அவ ரூமு கடைசி."

"பாதிக் கூரை சாஞ்சுட்டா?"

"முட்டுக் குடுக்கிறேன்."

கூட வேலை செய்யும் ஒன்னி சிரித்தான். "மேஸ்திரி, பேத்தியப் பாத்ததுல இருந்து இவரு இளிச்சுக்கிட்டே திரியிறாரு. முட்டுக்கட்டையத் தலைகீழா வெக்காம இருந்தாச் சரி."

"மெதுவாத் தட்டுடா. புள்ள தூங்குது."

சுத்தியல்களில் துணி சுற்றித் தட்டினார்கள். மத்தியானத்தில் சமையற்கட்டு போனது. மூன்று மணிக்குக் கூடம் போனது. மிச்சமிருந்த உள்சுவரில் வாடைக்காற்று நேராக மோதியது.

"அப்பா, குளிருது," என்றாள் ஹெல்வி உள்ளிருந்து.

"இருடா கண்ணு." தார்ப்பாயை இழுத்துச் சுவரில் அடித்தார். விறகு இரண்டை அடுப்பில் கூடுதலாகச் செருகினார். தலைக்கு மேலே முட்டு முனகியது. இன்னொன்று கொடுத்தார்.

ஐந்தரைக்கு மருத்துவச்சி நாடி பார்த்தாள். "போகலாம். தாங்குவா."

வைக்கோல் பரப்பிய குதிரை வண்டியில் ஏற்றினார்கள். ஹெல்வி குழந்தையை அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி அந்தப் பண்ணை வீட்டு ரூமுக்குத்தானாப்பா?"

அவர் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

வண்டி போனது. அறை மட்டும் தனியாக நின்றது, சுவரில் சூடு இன்னும் ஆறவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. சாரெலாகூடக் கடிகாரத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தாஹ்வோதான் ஏணியைச் சாத்தி, மேலேறி, முதல் ஆணியைப் பிடுங்கினார்.