மைதானத்துக்கு வந்த சாய்வு நாற்காலி

திண்டிவனத்தில் பள்ளிக்கூடங்களுக்கிடையே சடுகுடுப் போட்டி. என் மகனும் ஆடினான். எதிரணிப் பையன் ஒருவனின் அப்பா, வளவனூரிலிருந்து பஸ் கூரையில் சாய்வு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் தண்ணீர்க் கூஜா. நாங்களெல்லாம் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்க, அவரோ நாற்காலியை மடித்தபடியே மரத்தில் சாத்திவிட்டு வெயிலில் நின்றார்.

“உக்காரலீங்களா?” என்றேன்.

“ஆட்டம் நடந்துக்கினு இருக்கறப்போ எப்டிங்க உக்கார்றது?”

“அப்புறம் எதுக்கு இதைத் தூக்கிக்கினு வந்தீங்க?”

“தோத்துட்டா கால் நிக்காதுங்க. அதுக்குத்தான்.”

கடைசி நிமிடத்தில் நானும் எழுந்து நின்றுவிட்டேன். ஒரே புள்ளி வித்தியாசத்தில் அவர் மகனின் அணி ஜெயித்தது. அவர் நாற்காலியைத் தூக்கிவந்து என் முன்னால் விரித்தார்.

“உக்காருங்க.”

அது பரிவா, குத்தலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கால் மட்டும் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.