ஆறு தடவை கத்திய செல்போன்

அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அம்மா இருந்தாள். அக்கா இருந்தாள். ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்த மாமா இருந்தார். நான் இல்லை. சென்னையில், கம்பெனி அனுப்பிய பயிற்சி வகுப்பில், ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, அம்மா அப்பாவின் செல்போனை நீட்டினாளாம். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. ஒருநாள் அரை, மறுநாள் ஒன்று. குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் மில்லில் சங்குக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவர். சங்கு ஊதினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். அதை வைத்துத்தான் நான் ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு செல்போன் ஒரு தடவை கத்தினால் அரை மாத்திரை, இரண்டு தடவை கத்தினால் ஒன்று. இன்டர்நெட்டில் ஒரு இலவச சேவை இருந்தது. செய்யவேண்டிய வேலைகளைத் தேதி போட்டு எழுதி வைத்தால் அதுவே நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ஒன்றரை வருஷம் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

பிறகு ஒரு மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வருஷத்துக்கு இருபத்தைந்து டாலர், கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் யாரிடம் கிரெடிட் கார்டு? ஆபீஸில் யாரையாவது கேட்டிருந்தால் கட்டிக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவின் உயிர்ப் பட்டியல் ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியில் கிடப்பதைவிட நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். நானே செய்ய முடியும் என்பதும் அதில் கலந்திருந்தது.

உப்பளம் ஏரியாவில் ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டர் வாங்கி, சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டியல் முழுவதையும் அந்தச் சேவையிலிருந்து ஒரே ஃபைலாக இறக்கி இதில் ஏற்றினேன். பழைய செல்போன் ஒன்றைக் கேபிளில் மாட்டி, அதன் வழியாக எஸ்.எம்.எஸ். போகும்படி செய்தேன். கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்ள வைத்தேன். அணைந்திருந்த நேரத்தில் விட்டுப்போன செய்தி எதுவும் தொலையக்கூடாது, எழுந்தவுடன் அனுப்பிவிட வேண்டும் என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். பழைய சேவையில் அப்படி ஒன்று இல்லை. அது ஏன் இல்லை என்று நான் யோசிக்கவில்லை. நம்முடையது மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, இந்தப் பொட்டிய மட்டும் நிறுத்திடாத."

"நான் ஏம்பா அதத் தொடப்போறேன்? தூசி தட்டக்கூட பயமா இருக்குது."

அவள் தொடவில்லை. நான் சென்னையில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மதியம் பாகூர் பக்கம் ஒரு சாவுக்குக் கிளம்பினார்கள். வீட்டைப் பூட்டுவதற்கு முன் அம்மா மெயினை அணைத்தாள். குடிசையில் இருந்த காலத்தில் மீட்டர் பலகை பற்றி எரிந்ததிலிருந்து, ஆளில்லாத வீட்டில் கரண்ட் ஓட விடமாட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் செல்போன் கத்தவில்லை. ஊரில் சிக்னல் இல்லை போல என்று நினைத்து, குறைந்துவிடக் கூடாதென்று அப்பா தினமும் முழு மாத்திரையே போட்டுக்கொண்டார். திங்கள் சாயங்காலம் ஏழரைக்குத் திரும்பி வந்து அம்மா மெயினைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. அப்பா கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் செல்போன் கத்த ஆரம்பித்தது. வெள்ளிக்கு ஒன்று, சனிக்கு இரண்டு, ஞாயிறுக்கு ஒன்று, திங்களுக்கு இரண்டு. அவருக்கு அது ஆறு சத்தம், சத்தத்துக்கு அரை.

"மூணு மாத்திர" என்றார்.

"இன்னாங்க, மூணா? புள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"டாக்டரு ஏத்திருப்பாரு, புள்ள அங்கிருந்தே மாத்திருப்பான். படிக்கப் போன எடத்துல தொந்தரவு பண்ணாத. நீ இன்னா, அவனவிடப் படிச்சவளா?"

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

புதன் காலை பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தவருடைய இடது கை தொங்கிவிட்டது. தலைக்குள் ரத்தக் கசிவு.

நான் பஸ் பிடித்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அக்காதான் ஆறு சத்தத்தைச் சொன்னாள். வராந்தாவில் நின்றபடியே, விட்டுப்போனதை அனுப்பச் சொல்லி நான் எழுதிய அந்த ஒரு வரி கண்முன் வந்தது.

பன்னிரண்டு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு திரும்பியபோது, குழறிக் குழறி முதலில் என்னைத்தான் கேட்டார்.

"சங்கு தப்பா ஊதிருச்சாடா?"

"இல்லப்பா. நாந்தான் தப்பா ஊதிட்டேன்."

"ஊதினா போவணும். போனேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

இடது கை திரும்பவே இல்லை. இப்போது அம்மா சுவரில் காலண்டர் மாட்டி, அரைக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு இரண்டு கோடு என்று கரியால் போடுகிறாள். செல்போன் கத்தினால் அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரை நான்தான் கழற்றினேன். விற்க மனம் வராமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

அந்த இருபத்தைந்து டாலர், அப்போதைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எங்களுக்கு ஆனது, அக்காவின் இரண்டு வளையலை விற்றதையும் சேர்த்து, அறுபத்து மூவாயிரத்து நானூறு.