ஒரு சொட்டு ஒழுகாத சுவர்

எங்கள் வீட்டுத் தோட்டம் வருஷா வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தது. மிகைப்படுத்தவில்லை, காலால் எட்டு வைத்து அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். நான் மூன்றாவது படித்தபோது சமையலறை வாசலிலிருந்து தோட்டத்து விளிம்பு வரை பதினாறு எட்டு. ஐந்தாவது வந்தபோது பதினொன்று. இடையில் என் காலும் வளர்ந்திருக்கிறது, அதனால் கணக்கில் பிசகு இருக்கும் என்றார் அப்பா. முருங்கை மரம் வேரோடு பின்பக்கக் குட்டைக்குள் சாய்ந்த பிறகு அவர் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

திருவொற்றியூரில் விம்கோ நகரைத் தாண்டி, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வாங்கிய மனை அது. அப்பா லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி வீடு கட்டினார். முன்பக்கம் தெருவோடு சமமாக இருந்தது. பின்பக்கம் அந்த மண், ஆள் இடுப்புயரத்துக்கு எந்தப் பிடிமானமும் இல்லாமல் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அதில் ஒரு பகுதி கரைந்து குட்டைக்குள் போகும். கூடவே அம்மா வைத்த கனகாம்பரமோ கத்தரிச் செடியோ போகும். அடுத்த மழைக்குக் குளியலறையும், அதற்கு அடுத்த மழைக்குச் சமையலறையும் போகும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

கல் தானாக வந்து சேர்ந்தது. கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டுவதற்காகக் கருங்கல் ஏற்றிக்கொண்டு அந்தக் காலத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். குறுக்கு வழி தேடிய ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, சாக்கடை மூடியை உடைத்துக்கொண்டு ஒரு சக்கரம் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. பாதிக் கல்லை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடிந்தது. நாளைக்கு வந்து அள்ளிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாளை வரவே இல்லை. கோடை முழுக்கத் தெருவே அந்தக் கற்கள்மேல் துணி காயப்போட்டது, வடகம் காயப்போட்டது, உட்கார்ந்து அரட்டை அடித்தது. இருப்பதிலேயே பெரியதற்கு யானைக்கல் என்று பெயர் வைத்து, அது என்னுடையது என்று நான் அறிவித்திருந்தேன்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மெயின் ரோட்டில் அதே லாரிக்காரரை மறித்துக் கேட்டாள். "எடுத்துக்கினு போம்மா. அதுங்கள அப்பவே கடல்ல கொட்டிட்டோம்னு கணக்கு எழுதியாச்சு" என்றார் அவர்.

மாமா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மரப் போட்டுகளுக்கு இடுக்கு அடைப்பது அவர் தொழில். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார். தன் கை பட்ட போட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்ததில்லை என்று அவர் சொல்லாத நாள் இல்லை. என்னோடு விளையாடத்தான் லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. அவர் அடைத்த ஒரு போட்டு நடுக்கடலில் தண்ணீர் வாங்கிவிட்டது. ஆட்கள் இறைத்து இறைத்துக் கரை வந்து சேர்ந்தார்கள். ஓனர் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க, என் வேலையில் தப்பே வராது என்று மாமா சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுவிட்டார். அதன்பிறகு அந்தத் துறைமுகத்தில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போதெல்லாம் அவர் குனிந்தே இருப்பார்.

"கல்லு கீது, நீ கீற. ஒரு செவுரு கட்டிக் குடு" என்றாள் அம்மா.

அடுத்த தெருக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு யோசனை சொன்னார். ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிப் பெரிய கல்லை அடியில் போட வேண்டும். சுவர் மண் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். கல் இடுக்குகளை மட்டும் அடைக்கவே கூடாது, மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் பேச்சுக்கு மட்டும் ஆட்டவில்லை. கொத்தனார் போனதும், "அவுருக்குத் தண்ணியப் பத்தி இன்னாக்கா தெரியும்?" என்றார்.

வேலை இருபது நாள் நடந்தது. போட்டைக் கரையேற்றுவதுபோலவே சவுக்குக் கட்டைகளை அடியில் உருட்டிவிட்டு, கயிறு போட்டு, மாமாவும் அவருடைய தோஸ்து இரண்டு பேரும் தெருவிலிருந்து ஒவ்வொரு கல்லாக இழுத்து வந்தார்கள். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை சொல்வார். யானைக்கல்லை மேலே வைக்கச் சொல்லி நான் அழுதேன், ஏறி உட்காரலாமே என்று. "யானைதான் நைனா எல்லாத்தையும் தாங்கணும்" என்று மாமா அதை அடியில் நடுவில் உட்கார வைத்தார். ஒரு கல்லை வைப்பார், தள்ளிப் போய்ப் பார்ப்பார், எடுத்துத் திருப்பி வைப்பார். இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேல் மூன்றாவது கல் வந்து அமரும். சுவர் எழும்ப எழும்ப அவர் குனிந்த தலையும் எழும்பியது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கூடச் சொல்ல ஆரம்பித்தார்.

கடைசியில் கோணிச் சாக்கைக் கிழித்துத் திரித்து, தாரில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்கிலும் உளியால் அடித்து ஏற்றினார். மேலே சிமெண்டு பூசினார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு சொட்டு வராதுக்கா" என்றார் மாமா. ஒரு சொட்டு ஒழுகாத சுவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன். எங்கள் டீச்சரே ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து பள்ளிக்கூடம் மூடினார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ராயபுரம் போன மாமா, ரயில் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். காலையில் பின்கதவைத் திறந்தால் தோட்டம் தொட்டியாகியிருந்தது. மாமா சொன்ன வாக்குத் தவறவில்லை, ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. ஊறிய மண் உள்ளேயிருந்து தள்ளியதில் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளி நின்றது.

அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். கடப்பாரையோடு குட்டைப் பக்கம் இறங்கி, சுவருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அடி வரிசையில் சிமெண்டைக் குத்திப் பெயர்த்தாள். நான் மேலே நின்று கத்தினேன். "மாமா கஷ்டப்பட்டு அடைச்சத ஏம்மா ஒடைக்கிற? வந்தா சொல்லிடுவேன்."

"சொல்லு. மொதல்ல செவுரு நிக்கட்டும்."

தார்த் திரியின் நுனியைப் பிடித்து அவள் இழுத்ததும் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அவள் தோளில் அடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பதினொரு இடத்தில் திறந்தாள். மதியத்துக்குள் தோட்டத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. வயிறு தள்ளியது தள்ளியபடியே நின்றது, அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை. யானைக்கல் அசையவே இல்லை. அம்மா படியேறி வந்து தார் அப்பிய கையோடு சுவரைத் திரும்பிப் பார்த்து, "இன்னா கட்டு கட்டிக்கீறான் பாரு" என்றாள். உடைத்தவளே புகழ்கிறாளே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் மாமா வந்ததும் சொன்னபடியே கோள் சொன்னேன். அவர் இறங்கிப் போய் ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து மேலே வந்தார்.

மழை விட்டதும் அம்மா யாரிடமும் சொல்லாமல் காசிமேட்டுக்குப் போய், அதே போட்டு ஓனரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்துவிட்டு வந்தாள். அவர் சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். மீன் பிடிப்பவருக்கு மீன் குழம்பா என்று அம்மா ஆட்டுக்கறி சமைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். என் தம்பி வேலை எப்படி என்று ஒருமுறை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு. ஓனர் கல் கல்லாகத் தட்டிப் பார்த்தார். குனிந்து, இன்னும் கசிந்துகொண்டிருந்த துளைகளைப் பார்த்தார்.

"இந்த ஓட்ட நீ வுட்டதா?"

மாமா வாயைத் திறப்பதற்குள், "அவன் வுட்டதுதாண்ணா. தண்ணிக்கு வழி வுடணும்னு அவன்தான் சொன்னான்" என்றாள் அம்மா. அப்பட்டமான பொய். நான் வாயெடுப்பேன் என்று தெரிந்து என் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "இல்ல ஓனரு. நான் அத்தினியும் அடைச்சிட்டேன். தப்பு. அக்காதான் தொறந்துச்சு. இல்லன்னா செவுரு போயிருக்கும்."

ஓனர் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கு சொல்லிருந்தா இம்மாம் பேஜாரு வந்திருக்குமாடா? நாளைக்கு உளிய எடுத்துக்கினு வந்துடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போனார்.

அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, தள்ளிய வயிற்றோடு. விழுந்த முருங்கைக்குப் பதிலாக நட்ட புது முருங்கையும் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் எனக்கு நினைவில் நிற்பது சுவர் அல்ல. எல்லோரும் உள்ளே போன பிறகு அம்மா மட்டும் யானைக்கல் இருந்த பக்கம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி, அதுவும் விருந்தாளி முன்னால், சொந்தத் தம்பியிடமே மாட்டிக்கொண்டாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "அழாதம்மா, நீ பொய் சொன்னத நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றேன்.